மகளும் சிலம்பமும்: மூன்று வருடத்துக்குப் பிறகு

மகளை ஒன்பது வயதில் சிலம்பத்தில் சேர்த்தோம். இப்போது பன்னிரண்டு முடிந்துவிட்டது. அடி படுமா, செலவு எவ்வளவு, பெண்பிள்ளைக்கு ஒத்துவருமா என்று எங்கள் தெருவில் கேட்காத ஆள் இல்லை. எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

முதல் சில மாதம் காலடிதான். வணக்கம் போட்டுவிட்டு, வெறுங்கையோடு முன்னால், பின்னால், பக்கவாட்டில் என்று கால் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். அதே மைதானத்தின் மறுமுனையில் நடந்த இன்னொரு வகுப்பில், சேர்ந்த இரண்டாவது மாதமே பிள்ளைகள் இரட்டைக் கம்பு சுற்றி வீடியோ போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆசானிடம் கேட்டதற்கு, "கால் நிக்கட்டும்மா, கை தானா வரும்" என்றார்.

அதன் அர்த்தம் ஒரு கம்புச் சண்டைப் போட்டியில்தான் விளங்கியது. கம்பு உடம்பில் பட்டால் புள்ளி. எதிரே நின்ற பையன் அழகாகச் சுற்றினான். ஆனால் இவள் ஓரடி உள்ளே போனதும் பின்வாங்கத் தெரியாமல் கால் பின்னி, சுற்றிய கம்பு அவன் முழங்காலிலேயே பட்டது. அலங்காரச் சுற்று மேடைக்கு நன்றாக இருக்கும். வகுப்பு பார்க்கப் போகிறவர்கள் பிள்ளைகளின் கையைப் பார்க்காதீர்கள், பாதத்தைப் பாருங்கள்.

கம்பைப் பற்றிக் கொஞ்சம். தரையில் ஊன்றினால் பிள்ளையின் நெற்றி அளவுக்கு வர வேண்டும் என்பது எங்கள் ஆசானின் கணக்கு. வளரும் பிள்ளைக்கு வாங்கிய கம்பு சீக்கிரமே தாடைக்கு இறங்கிவிடும், புதிது வாங்க வேண்டியதுதான். சிறு கைக்கு மூங்கிலைவிடப் பிரம்பு நல்லது, வளைந்து கொடுக்கும். நுனி பிரிந்தால் சிலாம்பு ஏறும், இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொடுங்கள். கணுக்காலிலும் காதிலும் அடி வாங்காமல் யாரும் கற்றதில்லை. ஆனால் சண்டைப் பயிற்சியில் தலைக்கவசமும் மார்புக் கவசமும் இல்லாமல் இறக்கிவிடும் இடமென்றால் அன்றைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பத்து வயதுக்கு மேல் வேறு ஒரு தொல்லை வரும்: உலக சாதனை. வெயிலில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை நிறுத்தி மணிக்கணக்கில் சுற்றவைத்து, ஆளுக்கொரு சான்றிதழும் கேடயமும். பணம் நம்முடையது. ஓர் அமைப்பு எங்களிடம் 1,500 ரூபாய் கேட்டது. மணிக்கட்டு வீங்கிப் போய்ப் பள்ளியில் பேனா பிடிக்க முடியாத பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். அனுப்பவில்லை. மகள் இரண்டு நாள் பேசவில்லை, அப்புறம் சரியாகிவிட்டாள்.

போட்டிக்குத்தான் போக வேண்டும் என்றால் முதலமைச்சர் கோப்பையில் பள்ளி மாணவர்களுக்குச் சிலம்பம் உண்டு. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில் செயல்விளக்க விளையாட்டாக இது சேர்ந்ததிலிருந்து வகுப்புகளில் கூட்டம் அதிகம். அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டை மனதில் வைத்துச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். சங்கங்கள் பல, எல்லாச் சான்றிதழும் எல்லா இடத்திலும் செல்லாது. நுழைவுக் கட்டணம் கட்டும் முன் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

மாதம் 800 ரூபாய் கட்டுகிறோம். கோபம் குறைந்ததா, படிப்பில் கவனம் கூடியதா என்றால், எனக்குத் தெரிந்து இல்லை. தம்பியோடு சண்டை அப்படியேதான். ஆனால் கூன் போட்டு உட்காருவது போய்விட்டது. காலையில் ஐந்தரைக்கு நான் எழுப்ப வேண்டியதில்லை. மாதவிடாய் நாட்களில் போகலாமா வேண்டாமா என்பதை அவளே முடிவு செய்துகொள்கிறாள், ஆசானும் காரணம் கேட்பதில்லை. இந்த வயதுப் பெண்ணை அனுப்ப எனக்கு இது முக்கியம்.

சுருள்வாள் (வளைந்து சுருளும் மெல்லிய வாள்) எப்போது என்று இப்போது கேட்க ஆரம்பித்திருக்கிறாள். பதினைந்து ஆகட்டும் என்று ஆசான் சொல்லியிருக்கிறார். எனக்கும் அதில் அவசரம் இல்லை.