சாண எரிவாயுவுக்கான இரும்பு ஆக்சைடு ஃபில்டர்: அடுப்புக்கு இது போதும்

பயோகாஸ் அடுப்பு வைத்திருப்பவர்களுக்கு அழுகின முட்டை வாடை புதிதில்லை. வாடையை விடுங்கள், அதற்குக் காரணமான ஹைட்ரஜன் சல்பைடு பர்னரின் பித்தளை ஜெட்டையும் செம்புக் குழாயையும் மெல்ல அரித்துக் கறுப்பாக்கிவிடும், எரியும்போது கந்தக டை ஆக்சைடாகி அடுப்பருகே நிற்பவரின் தொண்டையைப் பதம் பார்க்கும். அதற்காகத்தான் இந்த இரட்டைக் குழாய் ஃபில்டரை வாங்கி மாட்டினேன்.

உள்ளே ரொம்ப எளிமையான சமாச்சாரம்தான். முதல் குழாயில் செம்பழுப்பு நிற இரும்பு ஆக்சைடு குருணை, இரண்டாவதில் ஈரத்தை இழுக்க சிலிக்கா ஜெல். இந்த வரிசை சரியானது, ஏனென்றால் குருணை வேலை செய்யக் கொஞ்சம் ஈரம் வேண்டும், முதலிலேயே காயவைத்துவிட்டால் அது சல்பைடைச் சரியாகப் பிடிக்காது. குழாய் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். வாயு கீழிருந்து ஏறுவதால் அடியில் இருக்கும் குருணை முதலில் கறுக்கிறது, நாளாக ஆக அந்தக் கறுப்பு மேலே ஏறிக்கொண்டே வருகிறது, எப்போது மாற்ற வேண்டும் என்று யாரையும் கேட்கவே வேண்டாம். எனக்கு இதில் மிகவும் பிடித்தது இதுதான். ஹைட்ரஜன் சல்பைடு பட்டால் கறுக்கும் லெட் அசிடேட் தாளை நனைத்து ஃபில்டருக்கு முன்னால் வரும் வாயுவில் காட்டினால் பழுப்பேறிக் கறுத்துப்போனது, பின்னால் காட்டினால் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

அப்புறம் குறைகள். கையேட்டில் "கறுத்த குருணையை வெளியே கொட்டி ஆறவிட்டால் மறுபடி பயன்படுத்தலாம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். உண்மைதான், ஆனால் கறுத்த குருணையில் இருக்கும் இரும்பு சல்பைடு காற்று பட்டதும் சூடாகும், குவியலாகக் கிடந்தால் தீயே பிடிக்கலாம்! தண்ணீர் தெளித்து, மெல்லிசாகப் பரப்பி, எரியக்கூடிய எதுவும் பக்கத்தில் இல்லாத திறந்த வெளியில்தான் அதைச் செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் கந்தகம் குருணையிலேயே தங்கித் துளைகளை அடைப்பதால், சில சுற்றுகளுக்குப் பிறகு புதிது வாங்கியே ஆக வேண்டும். வாயுவின் அழுத்தமும் கொஞ்சம் குறைகிறது, பலூன் வகைக் கலன் என்றால் மேலே பாரம் வைக்க வேண்டிவரும்.

பெட்டியின் மேல் "தூய மீத்தேன்" என்று போட்டிருப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. சாதாரண பயோகாஸில் மீத்தேன் 50 முதல் 70 சதவீதம் வரை இருக்கும், மீதி பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு, அதை இந்த ஃபில்டர் தொடுவதே இல்லை. சமையலுக்கு அது பாதகமில்லை, சூடு குறைவு, அவ்வளவுதான். வண்டிக்கோ சிலிண்டருக்கோ என்றால் கதையே வேறு: கார்பன் டை ஆக்சைடை நீக்க அழுத்தத்தில் தண்ணீரால் கழுவுவது, சவ்வு வழியாகப் பிரிப்பது என்று பெரிய ஏற்பாடு வேண்டும், கம்ப்ரசருக்கு மின்சாரமும் வேண்டும். அரைகுறையாகச் செய்து மீத்தேனைக் காற்றில் விட்டால், 100 ஆண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைப் போல ஏறக்குறைய 28 மடங்கு புவியைச் சூடாக்கும், அப்புறம் பசுமை எரிபொருள் என்று சொல்வதற்கே அர்த்தமில்லை.

அடுப்புக்கு மட்டும் என்றால் தாராளமாக வாங்கலாம். மாட்டும்போது ஃபில்டருக்கு முன்னால் குழாயின் தாழ்வான இடத்தில் தண்ணீர் வடிகட்ட ஒரு வால்வு வையுங்கள். குருணை மாற்றும்போது வாயுவை அடைத்துவிட்டு வெட்டவெளியில் திறங்கள், வாடை வரவில்லை என்று மூக்கை நம்பாதீர்கள், ஹைட்ரஜன் சல்பைடு 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவுக்கு ஏறினால் மோப்பமே மரத்துப்போய்விடும்.