ஆமைக்கு மொதல்ல செக்கப்பா, ஹீட்டரா? அட்டன் குளிர்ல ஒரு கணக்கு

மகளோட நச்சரிப்பு தாங்காம ஒரு சிவப்புக்காது ஆமைக்குட்டி வாங்கிட்டு வந்தேன், ஓடு ஆறு சென்டிமீட்டர் இருக்கும், அவ்வளவுதான். கடக்காரர் சொன்னது "தண்ணில விடுங்க, காஞ்ச றால் போடுங்க, வேற ஒண்ணுமே தேவயில்ல". ரெண்டாவது கிழமையே கண்ண மூடிக்கிட்டு மூலையில கல்லு மாதிரி கெடக்கு, றால மோந்துகூட பாக்கல. வீட்டில ரெண்டு கட்சி ஆயிருச்சு. மனைவி "இப்பவே டாக்டர்கிட்ட கொண்டு போங்க"ன்றா, தோட்டத்தில மாடு வளத்த எங்கப்பா "ஆமைக்கு டாக்டரா, சல்லி கூடிப்போச்சாடா ஒனக்கு"ன்றார். ரெண்டு பேர் சொல்றதிலயும் நியாயம் இருக்கு, அதுதான் பிரச்சினை.

மொதல்ல மனைவி கட்சிய எடுப்போம், அதாவது வாங்கின கையோட ஒரு முழு செக்கப். ஊர்வன பாத்துப் பழகின டாக்டர்னா நிறை எடுப்பார், ஓடு மெத்துன்னு இருக்கான்னு அமத்திப் பாப்பார், கண்ணு, வாய்க்குள்ள, மூக்கு, மூச்சு எல்லாம் பாத்துட்டு மலம் டெஸ்ட்டுக்கு அனுப்புவார். இதில நம்மளால வீட்டில செய்யவே ஏலாதது அந்த மலம் டெஸ்ட் ஒண்ணுதான், புழு முட்டைய மைக்ரோஸ்கோப் இல்லாம யார் பாக்கிறது. ஆமை வருத்தத்த வெளிய காட்டாம மறைக்கிற சாதி வேற, காட்டத் தொடங்குற நேரம் அனேகமா முத்திப்போயிருக்கும், அதால செக்கப் வீண் செலவுன்னு ஒரே அடியா சொல்ல மாட்டேன்.

ஆனா நாம இருக்கிறது அட்டன், இலங்கை மலைநாடு. ஊர்ல இருக்கிற மிருக வைத்தியர் நாள் பூரா மாட்டுக்கும் கோழிக்கும் ஓடுற மனுசன், அவரக் குறை சொல்லி என்ன, ஆமைன்னா பேராதெனிய பல்கலைக்கழகத்து மிருக ஆஸ்பத்திரி பக்கம்தான் போகணும். கினிகத்தேன, நாவலப்பிட்டி, கம்பளைன்னு எறங்கி ரெண்டரை மூணு மணித்தியாலம், ஆமை விலைய விட வேன் கூலி கூட, அந்தக் குளிர்ல வளைவுக்கு வளைவு ஆட்டி எடுத்துக்கிட்டு போனா ஏற்கனவே சோந்து கெடக்கிற குட்டி இன்னும் சோரும்.

அப்பா கட்சி, சும்மா வச்சுப் பாக்கிறது. கொழும்புல இருக்கிறவர் இப்பிடிச் செஞ்சா ஓரளவு தப்பிக்கலாம், இங்க ஏலாது. ஒரு தெர்மோமீட்டர தண்ணில விட்டுப் பாத்தேன், காலையில 17 டிகிரி! இதுக்கு வேண்டிய தண்ணி 24 லருந்து 27, ஏறி வெயில் காயுற எடம் 30 க்கு மேல. ஆமைக்கு ஒடம்புச் சூடு வெளியில இருந்துதான் வரணும், குளிர்ந்தா வயிறு வேல செய்யாது, திங்காது, நோய எதிர்க்கிற சக்தியும் படுத்துரும். அதால வெறுமனே பாத்துக்கிட்டு இருக்கிறதுன்னா இங்க அது மெதுவா சாகிறத பாத்துக்கிட்டு இருக்கிறதுதான். பண்டாரவளையில சித்தப்பா மகன் அப்பிடித்தான் விட்டான், ஒரு நாள் ஆமை ஒரு பக்கம் சாஞ்சு நீந்துது, மூக்கில முட்டை முட்டையா நுரை, நெஞ்சில சளி கட்டி நிமோனியா ஆயிருச்சு, பெறகு வாரக்கணக்கா ஊசி.

மூணாவது வழி ஒண்ணு இருக்கு, எனக்கு ஆகப் பயம் இதுதான். "எதுக்கும் ஒரு பூச்சி மருந்து குடுத்துரு"ன்னு யாராவது சொல்லுவாங்க. மாட்டுக்கும் ஆட்டுக்கும் போடுற ஐவர்மெக்டின் ஆமைக்கு விசம், கை கால் இழுத்துக்கிட்டு செத்தே போயிரும். கால்நடை மருந்து கைக்குக் கிடைக்கிற ஊர்ல இத ஒருக்கா இல்ல பத்துத் தரம் சொல்லணும். போட்டோ எடுத்து அனுப்பி நோய் கேக்கிறதும் உண்டு, ஓட்டுல வெடிப்பு, கண் வீக்கம்னா சரி, மத்ததுக்கு ஒதவாது.

நான் என்ன செஞ்சேன்னா செக்கப் சல்லிய மொதல்ல ஹீட்டருக்குத் திருப்பினேன். தண்ணிக்குள்ள வைக்கிற ஹீட்டர் ஒண்ணு, ஏறிக் காய ஒரு செங்கல்லு, அதுக்கு மேல 60 வாட் குண்டு பல்ப், பக்கத்தில யூவிபி பல்ப், வெயில்ல இருக்கிற ஒரு வகைப் புற ஊதாக் கதிரக் குடுக்கிறது. ஜன்னல் வெயில் போதாதான்னு மகள் கேட்டா, கண்ணாடி அந்தக் கதிர மறிச்சிரும், அது கிடைக்காட்டி கல்சியம் சேராம ஓடு மெத்துன்னு போயிரும், போதாததுக்கு இங்க பாதி நாளைக்கு வெயிலே இல்ல. நாலாவது நாள் கண்ணு தொறந்துச்சு, ஆறாவது நாள் தீனிய ஓடி வந்து கவ்வுது. கரண்ட் பில்ல அப்பாகிட்ட இன்னும் காட்டல.

அதுக்காக செக்கப்ப விட்டுறல. தேயிலை பக்கெட் நிறுக்கிற சின்ன டிஜிட்டல் தராசில கிழமைக்கு ஒருக்கா நிறுத்தேன், 44 கிராம், 45, திரும்ப 43. தின்னுக்கிட்டே நிறை ஏறாட்டி உள்ளுக்கு ஏதோ இருக்குன்னு அர்த்தம். அப்பதான் போனேன், முன்னாடியே போன் பண்ணி ஊர்வன பாக்கிற டாக்டர் எந்த நாள் இருக்கார்னு கேட்டுக்கிட்டுத்தான். தண்ணியில்லாத பெட்டி, ஈரத் துவாய், சுடுதண்ணிப் போத்தல துணியில சுத்தி ஓரத்தில. காலையில வெதுவெதுப்புத் தண்ணி பேசின்ல விட்டா கொஞ்ச நேரத்தில மலம் போகும், அத சின்ன டப்பால எடுத்துக்கிட்டேன்.

டாக்டர் ஆமைய தொடுறதுக்கு முந்தி கேட்ட மொத கேள்வி, "தண்ணி எத்தன டிகிரி?" அங்கயே எனக்கு விளங்கிருச்சு. மலத்தில கொஞ்சம் புழு முட்டை, இவ்வளவுக்கு மருந்து வேணாம், நிறை எறங்கினா வாங்கன்னார். காஞ்ச றால மட்டும் போட்டா விற்றமின் ஏ கொறஞ்சு கண்ணு வீங்கும், நல்ல பெலட் தீனியும் கீரையும் குடுங்கன்னார். ஆமையில இருந்து மனுசருக்குத் தொத்தி வயித்தோட்டம் குடுக்கிற சல்மொனெல்லா கிருமிக்கு டெஸ்ட் எடுக்கலாமான்னு கேட்டேன். அந்தக் கிருமிய ஆமை ஒரு நாள் வெளிய விடும் ஒரு நாள் விடாது, இல்லன்னு ரிப்போர்ட் வந்தாலும் நம்ப ஏலாது, கைய சவர்க்காரம் போட்டுக் கழுவுறதுதான் மருந்துன்னார். அமெரிக்காவில நாலு இஞ்சிக்குக் கொறஞ்ச ஆமைய விக்க 1975 ல தடை போட்டதே இதுக்குத்தான். அன்னையில இருந்து தொட்டியக் குசினி சிங்கில கழுவுறத நிப்பாட்டியாச்சு.

அதால என் தீர்ப்பு, ஒரு செக்கப் வேணும், ஆனா மொத நாள் இல்ல, சூடு சரியாகி மூணு நாலு கிழமைக்குப் பெறகு மலத்தோட. மூக்கில நுரை, வாயத் தொறந்து மூச்சு, சாஞ்சு நீச்சல் கண்டா மட்டும் கிழமை எண்ணாம அன்னைக்கே. வருசா வருசம் போகணும்னு புத்தகத்தில இருக்கும், நான் தராச நம்பி விட்டுட்டேன், ஒங்க ஊர்லயே ஆமை தெரிஞ்ச டாக்டர் இருந்தா தாராளமா போங்க.

ஒண்ணு மறந்துட்டேன். ஒங்ககிட்ட இருக்கிறது வறண்ட பக்கம் போனப்ப ரோட்டில எடுத்துக்கிட்டு வந்த நட்சத்திர ஆமைன்னா இந்தக் கணக்கு ஒண்ணும் பொருந்தாது, அது தாவர விலங்கினச் சட்டத்தில பாதுகாப்புல இருக்கிற ஆமை, 2019 ல சைட்டிஸ்ன்ற, காட்டு உயிர் வியாபாரத்தக் கட்டுப்படுத்துற சர்வதேச ஒப்பந்தத்தோட மொதலாம் பட்டியலுக்கும் ஏத்திட்டாங்க, வீட்டில வைக்கவே கூடாது, வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிச்சுக் குடுத்துருங்க. சிவப்புக்காது அலுத்துப்போச்சுன்னு நுவரெலியா கிரகரி வாவில கொண்டுபோய் விடுறதும் வேணாம், இது வெளிநாட்டுச் சாமான், இருவது முப்பது வருசம் இருந்து நம்ம ஆமை சாப்பாட்டப் புடுங்கும். எங்க வீட்டில இருக்கிறது நேத்து நிறுத்தப்ப 51.