தெர்மோஸ்டாட்: 82 டிகிரியா, 71 டிகிரியா, கழற்றியே விடலாமா?

வண்டி ஹீட் ஏறுகிறது என்று ஒர்க்‌ஷாப்பில் விட்டால் பல இடங்களில் ஒரே வைத்தியம்தான்: "நம்ம ஊரு வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு சார்? எடுத்து விட்டுடலாம்." (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறந்து மூடும் வால்வுதான் தெர்மோஸ்டாட்.) கொஞ்சம் இணையத்தில் மேய்ந்தவர்கள் சொல்வது வேறு: குறைந்த டிகிரியில், உதாரணமாக 82க்குப் பதில் 71ல், திறக்கும் ஒன்றை வாங்கிப் போடு. கம்பெனி கொடுத்ததே போதும் என்பது மூன்றாவது கட்சி. நான் மூன்றாவது கட்சி.

தெர்மோஸ்டாட்டின் நடுவில் மெழுகு அடைத்த சின்ன உலோகக் குப்பி இருக்கிறது. கூலன்ட் சூடானால் மெழுகு உருகி விரிந்து, ஸ்பிரிங்கை எதிர்த்து வால்வைத் தள்ளித் திறக்கும். மேலே 82 என்று பொறித்திருந்தால் அது திறக்கத் தொடங்கும் வெப்பநிலை. முழுதாகத் திறக்க இன்னும் 10 முதல் 15 டிகிரி ஏற வேண்டும். அது வரைக்கும் கூலன்ட் ரேடியேட்டர் பக்கம் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். ஆக, இன்ஜின் எவ்வளவு சூட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது என்பதைத்தான் தெர்மோஸ்டாட் முடிவு செய்கிறது. மேலே எவ்வளவு ஏறும் என்பது ரேடியேட்டர், ஃபேன், வாட்டர் பம்ப் இவற்றின் கையில்.

சண்டை முழுக்க இந்த ஓர் இடத்தில்தான் தீர்கிறது. மே மாத மதியம், ஏசி ஓடுகிறது, சிக்னலில் வண்டி நகரவில்லை, கூலன்ட் 100 டிகிரியைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 71 போட்டிருந்தாலும் 82 போட்டிருந்தாலும் இரண்டுமே அந்த நேரத்தில் முழுதாகத் திறந்துதான் கிடக்கும். மீட்டர் முள் இரண்டிலும் ஒரே இடத்தில்தான் நிற்கும். 71 தன் வித்தியாசத்தைக் காட்டுவது நெடுஞ்சாலையில் காற்று நன்றாக அடிக்கும்போது. அங்கேதான் நமக்கு ஹீட் பிரச்சினையே இல்லையே!

கழற்றி விடுவது இன்னும் மோசம். பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் அடியில் இரண்டாவது தட்டு ஒன்று இருக்கும். மேல் வால்வு திறக்கத் திறக்க அது பைபாஸை, அதாவது ரேடியேட்டருக்குப் போகாமல் கூலன்ட் இன்ஜினுக்கே திரும்பும் குறுக்கு வழியை, அடைத்துக்கொண்டே வரும். தெர்மோஸ்டாட்டே இல்லையென்றால் பைபாஸ் எப்போதும் திறந்து கிடக்கும். கூலன்டில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலே இன்ஜினுக்குத் திரும்பிவிடும். காலையில் சூடேறாமல் இழுக்கிற அதே வண்டி, மதியம் டிராஃபிக்கில் முன்னைவிட அதிகமாகக் கொதிப்பது இதனால்தான். "தண்ணி வேகமா ஓடுது, சூட்டை இழுக்க நேரமில்லை" என்று சிலர் விளக்குவார்கள். அது சரியில்லை, ஓட்டம் கூடினால் வெப்பக் கடத்தல் கூடத்தான் செய்யும்.

குளிர்ந்தே ஓடும் இன்ஜினுக்கு வேறு செலவுகளும் உண்டு. இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றும், மைலேஜ் குறையும். ஆயிலில் சேர்ந்த ஈரமும் பெட்ரோலும் ஆவியாகாமல் தங்கி, நாளாக நாளாகக் கசடாகும். புது வண்டியாக இருந்தால் பி0128 என்ற பிழைக் குறியீட்டுடன் (கூலன்ட் போதிய சூட்டை எட்டவில்லை என்று அர்த்தம்) இன்ஜின் விளக்கு எரியலாம். ஊட்டிக்குப் போனால் ஹீட்டரில் வெதுவெதுப்புகூட வராது.

அப்படியானால் 71 எதற்கு இருக்கிறது? அமெரிக்காவின் பழைய கார்புரேட்டர் வி8 வண்டிகளை டிராக்கில் ஓட்டுகிறவர்களுக்கு அதில் அர்த்தம் உண்டு. கம்ப்ரஷன் கூட்டிய இன்ஜின் நாக் அடிப்பதை (பெட்ரோல் கலவை தானாகவே வெடித்து இன்ஜின் தட்டுவதை) கொஞ்சம் தள்ளிப்போடலாம். அதற்கேற்ப ஸ்பார்க் அடிக்கும் டைமிங்கும் மாற்றுவார்கள். தினமும் ஆபீஸ் போகும் ஹேட்ச்பேக்குக்கு அது வீண் செலவு.

எலக்ட்ரானிக் ரகமும் ஒன்று உண்டு. 1990களில் பிஎம்டபிள்யூ போன்ற வண்டிகளில் வரத் தொடங்கியது. மெழுகுக்குள் ஒரு ஹீட்டர் சுருள் இருக்கும். சாதாரண ஓட்டத்தில் இன்ஜினை 100 டிகிரிக்கும் மேலே விட்டு எரிபொருளை மிச்சப்படுத்தும். ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தால் ஈசியூ சுருளுக்குக் கரன்ட் கொடுத்து வால்வை முன்கூட்டியே திறக்கும். சூடு, குளிர்ச்சி இரண்டின் ஆதாயமும் கிடைக்கிற ரகம் இதுதான். ஆனால் விலை அதிகம். இதற்கென்று வடிவமைக்காத வண்டியில் போடவும் முடியாது.

கம்பெனி குறித்த அதே டிகிரியில் புதிதாக ஒன்று பெரும்பாலான சாதாரண வண்டிகளுக்கு மலிவாகவே கிடைக்கும். பழையதைத் தூக்கிப் போடும் முன் ஒரு பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு அடுப்பில் வைத்துப் பாருங்கள்; 90ஐத் தாண்டியும் அசையவில்லை என்றால் 82 டிகிரி வால்வு செத்துவிட்டது. புதியதை மாட்டும்போது அதிலுள்ள சின்னக் காற்றுத் துளை மேல் பக்கம் இருக்கட்டும், இல்லாவிட்டால் காற்று சிக்கிக்கொள்ளும். இதற்குப் பிறகும் ஹீட் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, ஃபேன், பிரஷர் மூடி, ஹெட் கேஸ்கட் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள்.