ஒன்பதரை மணி சீரியல்: ‘எதிர்நீச்சல்’ இரண்டு பாகங்களையும் பார்த்த அனுபவம்

சன் டிவியில் 2022 பிப்ரவரியில் ‘எதிர்நீச்சல்’ தொடங்கியது. 2024 ஜூனில் முடிந்தது. அதே வருடம் டிசம்பர் கடைசியில் ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ என்று பெயரை நீட்டிக்கொண்டு திரும்பி வந்தது. முதல் பாகம், நடுவில் கிடைத்த ஓய்வு, இரண்டாம் பாகம் என்று எல்லாவற்றையும் எங்கள் வீடு அனுபவித்துவிட்டது. ‘ரெண்டாவது பாகம் எப்படி, பார்க்கலாமா?’ என்று சொந்தக்காரர்களே கேட்கிறார்கள். சுருக்கமான பதில்: முதல் பாகம் பிடித்தவர்களால் பார்க்காமல் இருக்க முடியாது, பார்த்தால் எரிச்சல் வராமலும் இருக்காது.

கதை தெரியாதவர்களுக்கு நாலு வரி. மதுரையில் ஒரு பெரிய வீடு. மூத்தவர் ஆதி குணசேகரன், அவருக்குக் கீழே மூன்று தம்பிகள். நன்றாகப் படித்த பெண்ணாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்து அடுப்படியில் நிறுத்துவது அந்த வீட்டு வழக்கம். ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி மூவரும் அப்படி அடங்கிப்போன பிறகு கடைசி மருமகளாக ஜனனி வருகிறாள். இயக்கம் ‘கோலங்கள்’ திருச்செல்வம். 2003 முதல் 2009 வரை 1,500 எபிசோடுகளைத் தாண்டி ஓடிய அந்த சீரியலில் தொல்காப்பியனாக நடித்தவரும் அவரேதான். இதிலும் பாதியில் ஜீவானந்தமாக வந்து இறங்கினார். ‘தொல்ஸ் திரும்பி வந்துட்டாருடி’ என்று என் அக்கா ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்து கத்தினாள். பழைய சீரியல் ரசிகர்களுக்கு அதுவே ஒரு மறுவருகைதான்.

மாமியாரும் மருமகளும் சேர்ந்து பார்க்கக் கூடாத சீரியல் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். நானும் அத்தையும் ஒரே சோபாவில் உட்கார்ந்துதான் பார்க்கிறோம். நந்தினி கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு மாமியார் விசாலாட்சி அம்மாவை ஜாடையாகக் குத்தும்போது நான் சிரிப்பை அடக்குவேன். அத்தை என் பக்கம் திரும்பாமலே, ‘இப்படிப் பேசுனா எந்த மாமியாளுக்குத்தான் பொறுக்கும்’ என்பார். அடுத்த காட்சியில் விசாலாட்சி மகன்களுக்குப் பரிந்து பேசியதும், ‘இந்தக் கிழவிக்குப் புத்தி வராது’ என்று அவரே கட்சி மாறிவிடுவார். நாலு பெண்கள் காய் நறுக்கிக்கொண்டே பேசும் அந்த அடுப்படிக் காட்சிகள்தான் சீரியலின் உயிர். சண்டைக் காட்சியில் நான் எழுந்துபோய் பாத்திரம் கழுவிவிட்டு வருவேன். அடுப்படிக் காட்சி என்றால் இடத்தைவிட்டு அசைய மாட்டேன். நந்தினியாக வந்த ஹரிப்பிரியாவுக்கு ஒரு தனிக் கும்பிடு.

எங்கள் மாமாவை சீரியல் பக்கம் இழுத்து வந்தவர் குணசேகரனாக நடித்த மாரிமுத்து. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் மாமா. செய்தி முடிந்தால் டிவியை எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். ‘இந்தாம்மா ஏய்’ என்ற குரல் வாசல் வரை கேட்டதும் நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்த்த ஆரம்பித்தார். ஒரு கட்டத்தில் ஒன்பதரைக்கு முன்னால் சாப்பாட்டை முடித்துவிட வேண்டும் என்று உத்தரவே போட்டார். தமிழ்நாட்டில் நிறைய வீடுகளில் இந்தக் கதை நடந்திருக்கிறது. சீரியலையே கேலி செய்யும் ஆண்கள் குணசேகரனுக்காக உட்கார்ந்தார்கள்.

காரணம் இருக்கிறது. மாரிமுத்துவின் குணசேகரன் அடிக்கிற வில்லன் இல்லை, கணக்குப் பார்க்கிற வில்லன். வீட்டு அப்பத்தா பட்டம்மாளின் 40 சதவீதச் சொத்துப் பங்குக்காக அவர் பட்ட பாட்டைப் பார்த்தால் பரிதாபம்கூட வரும். சோபாவில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, கொஞ்சம் நக்கல், கொஞ்சம் நியாயம், நடுவில் ஒரு மிரட்டல் என்று பேசிக்கொண்டே போவார். எல்லாக் குடும்பத்திலும் அப்படி ஒரு பெரியப்பா இருக்கிறார். பந்தியில் யாரை எங்கே உட்கார வைப்பது என்பதிலிருந்து யார் மகளுக்கு எங்கே சம்பந்தம் என்பது வரை தானே முடிவு செய்கிறவர். மாமாவுக்கு அவரைப் பிடித்தது ஏன் என்று நான் ரொம்ப ஆராயவில்லை, குடும்ப நிம்மதி முக்கியம்.

2023 செப்டம்பர் 8 அன்று, இந்த சீரியலுக்கே டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது நெஞ்சுவலி வந்து மாரிமுத்து காலமானார். தேனி மாவட்டம் வருசநாட்டுப் பக்கத்திலிருந்து சென்னைக்கு வந்து, உதவி இயக்குநராகப் பல வருடம் உழைத்து, இயக்குநராகி, நடிகராகி, கடைசியில் தினமும் ஒன்பதரை மணிக்கு வீட்டுக்கு வருகிற ஆளாகவே ஆகியிருந்தார். கதையில் குணசேகரன் வீட்டைவிட்டுக் காணாமல் போனதாகக் காட்டினார்கள். சில வாரங்கள் கழித்து எழுத்தாளரும் நடிகருமான வேல ராமமூர்த்தி அந்த வேடத்துக்கு வந்தார்.

‘இவருக்குப் பதில் இனி இவர்’ என்று திரையில் எழுத்தைப் போட்டுவிட்டு அடுத்த நிமிடமே கதையைத் தொடர்ந்த காலம் ஒன்று இருந்தது. யார் போனால் என்ன, பெயர் அதுதானே என்று நாமும் பார்த்தோம். இங்கே அது எடுபடவில்லை. வேல ராமமூர்த்தி மோசமாக நடித்தார் என்று சொல்ல மாட்டேன். அந்த மீசையும் பார்வையும் குரலும் பயமுறுத்தின. பிரச்சினையே அதுதான். அவருடைய குணசேகரன் அரிவாள் எடுக்கக்கூடியவர், மாரிமுத்துவுடையவர் ரேஷன் கார்டை எடுத்து ஒளித்து வைக்கக்கூடியவர். மாரிமுத்துவைப் பார்த்து சிரிக்கலாம், திட்டலாம், நாளைக்கு என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருக்கலாம். புதியவரைப் பார்த்தால் போலீஸைக் கூப்பிடத்தான் தோன்றும். மாமா ஒரு வாரம் பார்த்தார். அப்புறம் நாற்காலி மெதுவாக வாசலுக்கே போய்விட்டது.

அதற்குப் பிறகும் முதல் பாகம் பல மாதம் ஓடியது. குணசேகரன் சிறைக்குப் போனதோடு முடித்தார்கள். அவசரமாக முடித்ததுபோல் இருந்தாலும் பெண்களுக்கு அது ஒரு வெற்றி. சரி, இத்தனை நாள் அழுததற்கு இதாவது கிடைத்ததே என்று அத்தை டிவியை அணைத்தார்.

என் முக்கியமான குறை இங்கேதான் தொடங்குகிறது. தொடர்ச்சி என்று ஒன்று வர வேண்டுமானால் அந்த வெற்றியைப் பிடுங்கித்தான் ஆக வேண்டும். ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ அதைத்தான் செய்தது. பெண்கள் மறுபடி அதே வீட்டில். குணசேகரனும் திரும்பி வந்தார். யார் யாரை எதிர்த்து நின்றார்களோ அவர்கள் திரும்ப முதல் படியிலிருந்து எதிர்க்க வேண்டும். ‘அப்போ போன தடவை எதுக்கு அவ்வளவு பேசுனாளுங்க?’ என்று அத்தை கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. ஜனனியாக நடித்த மதுமிதாவும் இல்லை, பார்வதி வந்தார். அவரும் நன்றாகத்தான் செய்கிறார், ஆனால் முதல் சில வாரங்கள் ஜனனியின் தங்கை பேசுவதுபோலவே எனக்கு இருந்தது.

இரண்டாம் பாகத்தை எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் எல்லோரும் சேர்ந்து திட்டிய காலம் என்றால் அது குணசேகரன், ஈஸ்வரி மகன் தர்ஷனின் கல்யாணம். 2025இல் வாரக்கணக்கில் ஓடியது. அன்புக்கரசியைத்தான் கட்ட வேண்டும் என்று ஒரு பக்கம், பார்கவியைத்தான் கட்ட வேண்டும் என்று மறுபக்கம். பார்கவியை மண்டபத்துக்குக் கொண்டு போகக் கிளம்புவார்கள், வழியில் தடை வரும், ஒளிவார்கள், மறுபடி கிளம்புவார்கள். ஜவ்வு மாதிரி இழுத்தார்கள். இடையில் ஈஸ்வரி குணசேகரனால் தாக்கப்பட்டு மருத்துவமனையில் நினைவில்லாமல் படுத்துவிட்டார். ஈஸ்வரியாக நடித்த கனிகா இல்லாத ‘எதிர்நீச்சல்’ உப்புப் போடாததுதான். பெற்ற தாய் படுக்கையில் கிடக்கும்போது மகனுக்குக் கல்யாணம் என்ற அந்தக் கொடுமையைக் கதை சரியாகப் பயன்படுத்தியிருக்கலாம். அதைவிட்டுவிட்டுக் காரில் துரத்துவதிலேயே நாட்களைக் கடத்தினார்கள்.

கடைசியில் தர்ஷன் பார்கவி கழுத்தில் தாலி கட்டினான். அந்த ராத்திரி வாட்ஸ்அப்பில் வந்த பட்டாசுப் படங்களுக்கு அளவில்லை. அவ்வளவு நாள் திட்டியவர்கள்தான் அனுப்பினார்கள். இதைப் புரிந்துகொள்ள 2023க்குப் போக வேண்டும். அப்போது குணசேகரனின் தங்கை ஆதிரைக்கு இதே மாதிரி கல்யாணம். அருணைக் கட்டுவாள் என்று வாரக்கணக்கில் நம்ப வைத்துவிட்டு, கரிகாலனைக் கட்டாயமாகத் தாலி கட்ட வைத்தார்கள். பார்த்தவர்கள் கொதித்துப் போனார்கள். என் சித்தி ஒருவர் ஒரு மாதம் சீரியலையே நிறுத்தினார். தர்ஷன் கல்யாணத்தில் எங்களுக்குக் கிடைத்தது புதுக் கதை இல்லை. ஆதிரைக்குத் தர மறுத்ததைத் தாமதமாகப் பார்கவிக்குக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். அதற்கே அவ்வளவு பட்டாசு.

தினசரி சீரியலில் ரசிகரின் கோபத்துக்கு ஒரு பலம் உண்டு. வெப் சீரிஸ் என்றால் முழுவதும் எடுத்து முடித்துவிட்டுத்தான் நம் முன்னால் வைப்பார்கள், நாம் திட்டினால் அடுத்த சீசனுக்குத்தான் உதவும். சீரியல் அப்படியில்லை. இன்றைக்கு நாம் பார்ப்பது கொஞ்ச நாள் முன்னால் எடுத்தது, அடுத்த மாதத்தில் வரப்போவது இன்னும் பேப்பரில்தான் இருக்கும். வியாழக்கிழமை தோறும் டிஆர்பி கணக்கு வருகிறது. எந்த ட்ராக்குக்குக் கூட்டம் சேர்ந்தது என்று தெரிந்துவிடும். கல்யாண ட்ராக்கைத் திட்டிக்கொண்டே ஒரு நாள்கூட விடாமல் பார்த்தால், கணக்கில் அந்தத் திட்டு வராது, பார்த்ததுதான் வரும். அதனால்தான் இழுக்கிறார்கள். எனக்கு இது தெரிந்தும் பார்த்தேன், பார்க்காமல் இருந்தால் மறுநாள் அண்ணி கதை சொல்லிவிடுவாள்.

மற்ற இரண்டாம் பாகங்களையும் கொஞ்சம் பார்த்திருக்கிறேன். ‘சித்தி 2’ 2020 ஜனவரியில் வந்தபோது எங்கள் அம்மா தலைமுறைக்கே கொண்டாட்டம். 1999இல் தொடங்கிய சித்தியின் பாட்டை இன்றும் பாடுவார்கள். ஒரு வருடம் கழித்து சித்தியாக நடித்த ராதிகா விலகினார், சித்தி இல்லாமலே ‘சித்தி’ ஓடியது. ‘பாண்டியன் ஸ்டோர்ஸ் 2’ வேறு வழியில் போனது. முதல் பாகத்தில் மூத்த அண்ணன் மூர்த்தியாக வந்த ஸ்டாலின் இதில் அப்பா, தம்பி பெண்டாட்டியாக இருந்த ஹேமா இதில் மருமகள். பழைய உறவுமுறையை மறக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது. ஆனாலும் அது நேர்மையான வழி என்றுதான் சொல்வேன். கதையைப் புதிதாகத் தொடங்கிவிட்டதால் முதல் பாகத்தில் மூர்த்தி குடும்பத்துக்குக் கிடைத்த நல்லது அப்படியே பத்திரமாக இருக்கிறது.

என்னைக் கேட்டால், இதுவரை வந்ததிலேயே நல்ல மறுவருகை 2020 ஊரடங்கில் ‘மெட்டி ஒலி’யை மறுபடி போட்டதுதான். புதிதாக ஒரு காட்சிகூட எடுக்கவில்லை. 2002இலிருந்து 2005 வரை வந்த அதே அப்பா சிதம்பரம், அதே ஐந்து மகள்கள், அதே பாட்டு. முடிவு எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் மறுபடி அழுதார்கள். யாருக்குப் பதில் யாரும் வரவில்லை, ஜெயித்தவர்களிடமிருந்து யாரும் எதையும் பிடுங்கவில்லை. படப்பிடிப்பு நின்றுபோன கட்டாயத்தில் செய்ததுதான், இருந்தாலும் ரசிகர்கள் கேட்பது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கிறது. ‘சீசன் 2 வேணும்’ என்று கேட்கிற பாதிப் பேருக்கு வேண்டியது புதுக் கதை இல்லை, பழைய ஆட்கள் அதே வீட்டில் இன்னும் கொஞ்ச நாள் உட்கார்ந்து பேச வேண்டும்.

அந்தக் கணக்கில் ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ பாதி பாஸ். ரேணுகாவும் நந்தினியும் அடுப்படியில் நின்று பேசும் நாட்களில் பழைய சீரியல் திரும்பக் கிடைக்கிறது. குணசேகரன் கூடத்தில் கத்தும் நாட்களில் கிடைப்பதில்லை. தம்பிகள் ஞானம், கதிர், சக்தி மூவரையும் தனித்தனி ஆட்களாக எழுத இன்னும் இடம் இருக்கிறது, அண்ணனைச் சுற்றியே வைத்து வீணடிக்கிறார்கள்.

பார்க்கும் முறை பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். டிவியில் பார்த்தால் அரை மணி நேரத்தில் கணிசமான பங்கு விளம்பரம். நேற்றைய கதை, பாட்டு, ஒரு வசனத்துக்கு ஒன்பது முகத்தைச் சுற்றிவரும் கேமரா எல்லாம் போக, புதிதாக நடப்பது கொஞ்சம்தான். ஆப்பில் மறுநாள் பார்த்தால் விரலால் தள்ளிக்கொண்டே போகலாம், ஆனால் அத்தைக்கு அது சீரியல் பார்த்த கணக்கிலேயே வராது. புரோமோவை நம்பி ராத்திரி முழித்திருக்க வேண்டாம், அதில் காட்டும் அறை விழ இரண்டு நாள் ஆகலாம், கனவாகவும் இருக்கலாம்.

புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் பாகத்தை ஆரம்பத்திலிருந்து 2023 செப்டம்பர் வரை நிதானமாகப் பார்க்கலாம், வீட்டில் பெரியவர்கள் இருந்தால் சேர்ந்தே பாருங்கள். அதற்கு மேல் முடிவு வரைக்கும் அடுப்படிக் காட்சிகளை மட்டும் பொறுக்கி எடுத்தாலும் போதும். இரண்டாம் பாகத்தில் தர்ஷன் கல்யாண வாரங்களை அப்படியே தாண்டிவிடுங்கள், கதை புரியாமல் போகாது. தாலி யார் கழுத்தில் ஏறியது என்று மட்டும் தெரிந்தால் போதும், அதையும் மேலேயே சொல்லிவிட்டேன்.