கூடாரம் அடிக்க மேட்டூரா, ஒகேனக்கல்லா?

சேலத்திலிருந்து இரண்டு நாள் கூடாரமும் தண்ணீருமாகக் கழிக்க நினைப்பவர்கள் பையைக் கட்டுமுன் அன்றைய நாளிதழில் மேட்டூர் அணைச் செய்தியைப் படித்துவிடுங்கள். அதில் இரண்டு எண்கள் இருக்கும். அடிக்கணக்கில் வரும் நீர்மட்டம், மேட்டூர் நீர்த்தேக்கக் கரையில் இருக்கும் பண்ணவாடிக்குப் போகிறவர் பார்க்க வேண்டியது. கனஅடிக்கணக்கில் வரும் நீர்வரத்து ஒகேனக்கல் போகிறவருக்கு.

பரிசல் என்றால் ஒகேனக்கல்தான், அதில் பேச்சுக்கே இடமில்லை. இரு பக்கமும் பாறைச் சுவர், எதிர்க்கரை கர்நாடகம். நடு ஆற்றில் பரிசலை ஒரு சுழற்று சுழற்றிவிட்டு நம் முகத்தைப் பார்த்துச் சிரிப்பார் பரிசல்காரர். ஆனால் கர்நாடகத்தில் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகள் நிரம்பி உபரி நீர் வந்தால் பரிசலுக்குத் தடைதான். ஓர் ஆடி மாதம் அப்படித்தான் மூடிய துறையைப் பார்த்து, வறுத்த மீனைத் தின்றுவிட்டுத் திரும்பினேன். கூட்டமும் கடைகளுமாக இருக்கும் அந்த ஊரில் கூடாரத்துக்கு அமைதியும் கிடைக்காது.

அதே நீர்தான் கீழே மேட்டூர் அணையில் தேங்குகிறது. 1934-இல் கட்டி முடித்த அணை, முழு நீர்மட்டம் 120 அடி. கொளத்தூர் பக்கம் பண்ணவாடிக் கரையில் நின்றால் ஆறு என்றே தோன்றாது. அக்கரை நாகமரைக்குப் படகில் போகலாம். நீர் நன்றாக வற்றும் ஆண்டுகளில், மூழ்கிக் கிடக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தி தலைகாட்டும்.

வற்றிய கரையை மட்டும் நம்பாதீர்கள். மேலே காய்ந்து வெடித்த ஓடு போலிருக்கும். காலை வைத்தால் முழங்கால் வரை சேறு. என் இடது செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது. நீர்வரத்து கூடினால் இரவோடு இரவாகத் தண்ணீர் மேலேறும் என்பதால், கூடாரத்தை மேட்டு நிலத்தில், நிலத்துக்காரரைக் கேட்டு அடியுங்கள். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையவே கூடாது.

ஏற்காடா? குளிருக்கு நல்லது, தனியார் முகாம்களும் உண்டு. ஏரியில் படகுச் சவாரி, அவ்வளவுதான்.

என் ஓட்டு பண்ணவாடிக்கு, அதுவும் தை மாதத்தில். வெயிலும் தணிந்திருக்கும், வெள்ள பயமும் இருக்காது. மாற்றுச் செருப்பு ஒரு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள்.