'தி ஒபெலிஸ்க் கேட்': அந்த அப்பனுக்காகவே படிக்க வேண்டிய நடுப் பாகம்

மூன்று பாக நாவல்களில் நடுப் பாகம் என்றாலே எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான். முதல் பாகத்தில் புது உலகத்தைக் காட்டி வாயைப் பிளக்க வைத்துவிடுவார்கள், மூன்றாவதில் சண்டை போட்டு முடித்துவிடுவார்கள், இடையில் மாட்டிக்கொண்டதன் பாடுதான் திண்டாட்டம். ஆட்கள் எங்கேயாவது நடந்துகொண்டே இருப்பார்கள், இல்லையென்றால் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பார்கள். என்.கே. ஜெமிசின் எழுதிய 'புரோக்கன் எர்த்' வரிசையின் இரண்டாம் பாகமான 'தி ஒபெலிஸ்க் கேட்' (2016) இரண்டையும் செய்கிறது. அம்மா ஓர் இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள், மகள் நடக்கிறாள். அம்மா பக்கம் எனக்குப் பாதிதான் பிடித்தது. மகள் பக்கத்தை ராத்திரி தூக்கம் கெட்டுப் படித்தேன்.

முதல் பாகம் படிக்காதவர்கள் இதைத் தொடவே வேண்டாம், ஒன்றும் புரியாது. படித்தவர்களுக்கு ஒரு ஞாபகமூட்டல். ஒரே ஒரு பெரிய கண்டம், அதில் பூமி சும்மா இருப்பதே இல்லை. சில நூறு வருஷத்துக்கு ஒரு முறை எங்காவது வெடித்து, சாம்பல் வானத்தை மூடி, வெயில் இல்லாமல், விளைச்சல் இல்லாமல் ஊர் ஊராகச் சாகும். தாமிரபரணிக் கரையில் நமக்குக் கார், பிசானம் என்று போகக் கணக்கு. அவர்களுக்கு நான்கு பருவம் போக ஐந்தாவதாக இந்தச் சாவுப் பருவம். இந்த முறை வந்திருப்பது சில வருஷத்தில் தீர்கிறதும் இல்லை, ஆயிரக்கணக்கான வருஷம் நீளப்போகிறது. பூமி அதிர்ச்சியை மனத்தாலேயே அடக்கக்கூடிய ஒரோஜீன்கள் என்று ஒரு வகை மனிதர்கள் இருக்கிறார்கள், அவர்கள் இல்லையென்றால் அந்தக் கண்டமே என்றோ போயிருக்கும். ஆனால் ஊருக்கு அவர்களைக் கண்டால் ஆகாது. பிள்ளைக்கு அந்தச் சக்தி இருப்பது தெரிந்தால் ஒன்று அடித்துக் கொல்வார்கள், இல்லையென்றால் அதிகாரிகளிடம் பிடித்துக் கொடுப்பார்கள். எஸ்ஸுன் அப்படிப்பட்டவள். ஒளித்து வாழ்ந்தாள், கல்யாணம் செய்தாள், இரண்டு பிள்ளை பெற்றாள். மகனுக்கும் அந்தச் சக்தி இருப்பது தெரிந்ததும் புருஷன் ஜிஜா அந்தச் சின்னப் பையனைக் கையாலேயே அடித்துக் கொன்றுவிட்டு, மகள் நஸ்ஸுனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். முதல் பாகம் முழுக்க அவர்களைத் தேடி அம்மா போனாள். இரண்டாம் பாகத்தில்தான் அந்த அப்பனும் மகளும் என்ன ஆனார்கள் என்று தெரிகிறது.

நஸ்ஸுன் வீட்டுக்குள் வருகிறாள், தம்பியின் உடல் தரையில், அப்பா பக்கத்தில் நிற்கிறான். அவன் மிருகமாக மாறிவிட்டவன் மாதிரி எழுதியிருந்தால் வேலை சுலபம். ஜெமிசின் அப்படி எழுதவில்லை. அவனுக்கு மகள் மேல் உயிர். அதுதான் பயங்கரம். தெற்கே ஏதோ ஓர் ஊரில் இந்தச் 'சீக்கை'க் குணப்படுத்துவார்கள் என்று கேள்விப்பட்டு, பெற்ற பிள்ளையை மாதக்கணக்கில் அழைத்துப் போகிறான். வழியில் அந்தப் பிள்ளை கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்றைத்தான்: அப்பாவின் முகம் மாறும்போது என்ன சொன்னால் கை ஓங்காது, எந்த நேரத்தில் 'அப்பா' என்று கூப்பிட்டால் அவன் தணிவான், எப்போது சின்னப் பிள்ளை மாதிரி அழ வேண்டும். பத்து வயசுப் பிள்ளைக்கு இந்தக் கணக்கு. அவளுக்கும் அப்பா மேல் பாசம் போகவில்லை என்பதையும் சேர்த்தே எழுதுகிறார். அம்மாவைத்தான் அவளுக்குப் பிடிக்காது, ஏனென்றால் உயிரோடு இருக்கட்டும் என்று அம்மா ரகசியமாகக் கொடுத்த பயிற்சி எல்லாம் அடக்குமுறையாகத்தான் அவள் மனசில் பதிந்திருக்கிறது.

திருநெல்வேலிப் பக்கம் இருந்துகொண்டு ஜிஜாவைக் கற்பனைப் பாத்திரம் என்று படிக்க முடியவில்லை. ஊர் என்ன சொல்லும் என்பதற்காகப் பெற்றதையே வெட்டுகிற செய்தி நமக்குப் புதுசா என்ன? ஆணவக் கொலைச் செய்திகளில் எல்லாம் கடைசியில் ஒரு வரி வரும், பாசமாகத்தான் வளர்த்தார் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதாக. பாசமும் கொலையும் எப்படி ஒரே ஆளுக்குள் இருக்கிறது என்று அந்தச் செய்தி சொல்லாது, இந்த நாவல் சொல்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் கூடப் படிக்கிற பையனையே வீடு புகுந்து வெட்டினார்கள், அவன் தங்கையையும் விடவில்லை. அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், பள்ளிக்கூடத்துக்குக் கையில் கலர்க் கயிறு கட்டி வரக் கூடாது என்பதும் ஒரு பரிந்துரை. நாவலில் யாரும் கயிறு கட்டுவதில்லை. ஆனால் இவன் யார் என்று தெரிந்துகொள்வதில் அந்த ஊர்க்காரர்களுக்கு இருக்கிற அவசரம் அப்படியே நம்முடையது. ஜெமிசின் அமெரிக்கக் கறுப்பினப் பெண், அவர் மனசில் இருப்பது அவர் நாட்டு வரலாறு. அதற்காக நமக்குச் சுடாமல் போகுமா?

அப்புறம் ஷாஃபா. முதல் பாகத்தில் ஒரு சிறுமியின் கையை 'உன் நல்லதுக்குத்தான்' என்று ஒடித்தானே, அதே ஆள். அவன் இந்தப் பாகத்தில் நினைவு பாதி அழிந்து, தெற்கே சில ஒரோஜீன் பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்கிறான், நஸ்ஸுனுக்கு உண்மையான அப்பா மாதிரி ஆகிவிடுகிறான். நமக்கு அவனைத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அவன் தலையைத் தடவும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைந்தது, அவள் நிம்மதியாகத் தூங்குகிறாளே என்று சந்தோஷமும் வந்தது. இரண்டையும் ஒரே பக்கத்தில் வரவைப்பது சாதாரண வேலை கிடையாது.

சரி, அம்மா பக்கம். எஸ்ஸுன் காஸ்ட்ரிமா என்கிற ஊரில் ஒதுங்கியிருக்கிறாள். தரைக்கு அடியில், ஒரு பிரம்மாண்டமான படிகக் குகைக்குள் அந்த ஊர். காற்று, தண்ணீர், கதகதப்பு எல்லாவற்றையும் தருகிற பழங்காலக் கருவிகள் ஒரோஜீன்கள் உள்ளே இருந்தால் மட்டும்தான் ஓடும். ஊர்த்தலைவி இய்க்காவும் ஒரோஜீன், அதை மறைக்காமல் தலைவியாக இருப்பவள், எனக்கு ரொம்பப் பிடித்த பாத்திரம். இங்கே பேரழிவு என்பது எரிமலையாக இல்லை, கிடங்குக் கணக்காக இருக்கிறது. எத்தனை வாய், எத்தனை நாள், யார் வேலைக்கு ஆவார், இறைச்சிக்கு என்ன வழி. அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதிலை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், படிக்கிற நமக்குப் புரிந்துவிடும்.

இந்தப் பகுதியைப் படிக்கும்போது 2023 டிசம்பர் 17, 18 தேதிகள் ஞாபகம் வராமல் இருக்குமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை, ஆறு எங்கே ரோடு எங்கே என்று தெரியாத வெள்ளம், கரண்ட் இல்லை, போன் இல்லை, பால் இல்லை. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோய் சுமார் 800 பேர் மாட்டிக்கொண்டபோது பக்கத்துக் கிராமத்துக்காரர்கள், அவர்கள் வீட்டுக்கே தண்ணீர் வந்த நிலையில், அரிசி கொண்டுவந்து பொங்கிப் போட்டார்கள். அன்று யாரும் யாரையும் என்ன ஆள் என்று கேட்கவில்லை. ஆனால் அது சில நாள். சில மாதம் ஆகியிருந்தால்? கேட்காமல் இருந்திருப்போமா? காஸ்ட்ரிமா கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது. ரென்னானிஸ் என்கிற பெரிய நகரத்துப் படை வந்து, எங்களோடு சேர்ந்துகொள்ளுங்கள், ஒரோஜீன்களுக்கு மட்டும் இடமில்லை என்கிறது. ஊர் கூடி ஓட்டுப் போடலாம் என்று முடிவு செய்கிறது. எஸ்ஸுன் அந்த ஓட்டுப் பெட்டியையே இல்லாமல் ஆக்குகிறாள். யார் மனுஷன் என்று முடிவு செய்ய ஓட்டு எதற்கு என்பது அவள் வாதம். நாவலின் அம்மா பக்கத்தில் சிறந்த அத்தியாயம் இதுதான், இதைப் பற்றி வீட்டில் சண்டையே வந்தது. அவள் செய்தது சர்வாதிகாரம் என்று என் மனைவி சொல்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, இன்னும் முடிவுக்கு வரவில்லை.

குறைக்கு வருகிறேன். எஸ்ஸுனுக்கு முன்பு பயிற்சி கொடுத்த ஒரோஜீன் அலபாஸ்டர் செத்துக்கொண்டிருக்கிறார். சக்தியைப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லாகிறது, கல்லான இடத்தை ஒரு கல்தின்னி (கல்லாலேயே ஆன, மனித உருவம் கொண்ட ஒரு ஜீவன்) தின்றுவிடுகிறாள். அருமையான கொடூரம். ஆனால் அவர் படுக்கையில் கிடந்தபடி எஸ்ஸுனுக்குப் பாடம் எடுக்கிற காட்சிகள் முடிவே இல்லாமல் போகின்றன. வெள்ளி இழை, வானத்தில் மிதக்கிற ஒபெலிஸ்க் தூண்கள், காணாமல் போன நிலா, அதை எப்படித் திரும்பப் பிடிப்பது. ஒரு பாடத்தைச் சொல்லிவிட்டு, மீதியை நாளைக்கு என்று கதவைச் சாத்துகிற டியூஷன் வாத்தியார் மாதிரி. அதில் நூறு பக்கத்தைக் குறைத்திருந்தாலும் கதைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இத்தனை நிதானமாகப் போய்விட்டு, கடைசிப் போரை மட்டும் மடமடவென்று முடிக்கிறார். அத்தனை பெரிய விஷயம் நடக்கிறது, எனக்கு இரண்டு முறை திரும்பப் படித்தால்தான் என்ன நடந்தது என்றே பிடிபட்டது.

அம்மா பகுதி முழுக்க 'நீ நடந்தாய், நீ பார்த்தாய்' என்று முன்னிலையில்தான் போகும். முதல் பாகத்தில் அது உறுத்தியவர்களுக்கு இங்கே கொஞ்சம் பழகிவிடும், ஏனென்றால் சொல்வது யார், ஏன் அவளிடமே அவள் கதையைச் சொல்கிறான் என்பது இங்கே மெல்ல மெல்ல விளங்குகிறது. ஆங்கிலம் கடினமில்லை, ஆனால் அவராக உண்டாக்கிய சொற்கள் நிறைய. பின்னால் ஒரு சொல்லகராதியும், இதுவரை வந்த ஐந்தாம் பருவங்களின் பட்டியலும் இருக்கின்றன. அந்தப் பட்டியலை மட்டும் தனியாகப் படித்தாலே நல்ல சிறுகதைத் தொகுப்பு படித்த மாதிரி இருக்கும்.

மூன்று பாகத்துக்கும் 2016, 2017, 2018 என்று அடுத்தடுத்து, அறிவியல் புனைகதைக்கும் மாயப் புனைகதைக்கும் தருகிற ஹியூகோ விருதைச் சிறந்த நாவல் என்று கொடுத்தார்கள், அதற்கு முன்னால் அப்படி யாருக்கும் நடந்ததில்லை. நடுப் பாகத்துக்கு மட்டும் என்றால் நான் கொடுத்திருப்பேனா தெரியாது, ஜிஜாவுக்கும் நஸ்ஸுனுக்கும் கண்டிப்பாகக் கொடுத்திருப்பேன்.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று. இங்கே பழைய புத்தகக் கடையில் முதல் பாகமும் மூன்றாம் பாகமும் கிடக்கும், நடுவில் உள்ளது இருக்காது. ஆன்லைனில் தனித்தனியாக வாங்கினால் ஒவ்வொன்றுக்கும் அட்டை அளவு வேறாக வந்து சேர்கிறது, எனக்கு வந்ததில் முனை மடங்கி வேறு இருந்தது, திருப்பி அனுப்பப் பொறுமை இல்லாமல் வைத்துக்கொண்டேன். மூன்றும் சேர்ந்த செட்டாகக் கிடைத்தால் அதையே வாங்குங்கள், ஏனென்றால் இந்தப் பாகம் முடிகிற இடத்தில் மூன்றாவது கைவசம் இல்லையென்றால் கடுப்பாகிவிடும்.