அண்டார்டிகாவா, ஸ்வால்பார்டா?

வேலையை விட்டுவிட்டு வருடக்கணக்கில் உலகம் சுற்றும் ஜோடிகள் பெரும்பாலும் தெற்கே அண்டார்டிகாவா, வட துருவம் பக்கமுள்ள நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளா என்றுதான் குழம்புகிறார்கள், இரண்டுக்கும் பட்ஜெட் தாங்காது.

செலவு: அண்டார்டிகா கப்பல் பர்ஸைப் பதம் பார்க்கும். ஆனால் கப்பல்கள் கிளம்பும் அர்ஜென்டினாவின் தென்கோடி ஊரான உசுவாயாவில் காத்திருந்தால் கடைசி நேர கேபின் சில சமயம் தள்ளுபடியில் கிடைக்கும், தேதிக் கெடு இல்லாதவர்களுக்கு அது வரப்பிரசாதம். ஸ்வால்பார்டுக்கு ஆஸ்லோவிலிருந்து விமானமே உண்டு. இறங்கிய பிறகுதான் விலைவாசி கடிக்கும்.

அலைச்சல்: தென் அமெரிக்காவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவிலுள்ள டிரேக் நீரிணையைக் கடக்கப் போக இரண்டு நாள், வர இரண்டு நாள், குடலைப் புரட்டிவிடும்.

விலங்குகள்: பென்குயினிடமிருந்து 5 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்வார்கள், அதுவோ தானாக நம் பூட்ஸ் பக்கம் நடந்து வரும். ஸ்வால்பார்டின் பனிக்கரடி அப்படியில்லை. 2025 முதல் 300 மீட்டர், மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டர் விலகியே இருக்க வேண்டும். பைனாகுலர் இல்லையென்றால் கரடி வெறும் மஞ்சள் புள்ளிதான்.

மலையேற்றம்: தெற்கே போனால் அர்ஜென்டினாவின் எல் சால்டென், சிலியின் டோரஸ் டெல் பைனே என்ற மலையேற்ற இடங்கள் இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். ஸ்வால்பார்டின் முக்கிய ஊரான லாங்இயர்பியனில் ஊர் எல்லை தாண்டினாலே கரடியை விரட்டச் சாதனம் வேண்டும், அதனால் பெரும்பாலும் துப்பாக்கி ஏந்திய வழிகாட்டியோடுதான் நடை.

நவம்பர் முதல் மார்ச்சுக்குள் தென் அமெரிக்காவில் இருக்கும், நடக்கப் பிடித்த ஜோடிக்கு அண்டார்டிகா. கடல் ஒத்துக்கொள்ளாது, ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் ஸ்வால்பார்டு. அப்புறம், ஸ்வால்பார்டு ஷெங்கனுக்கு (ஐரோப்பிய நாடுகளின் பொது விசா பகுதி) வெளியே இருப்பதால் விசா தேவைப்படுவோர் இரண்டு முறை நுழையும் விசாவாகப் பார்த்து வாங்குங்கள்.